இரும்பு அலமாரியின் எண்

நோர்டால், விஸ்கான்சின்
அக்டோபர் 14, 1991

அன்புள்ள மர்லிஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம். ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, உன் பிள்ளை படுக்கிற அறை அதற்கு நேர் மேலே. நான் கரண்டியைக் கீழே போட்டால்கூட அவனுக்குக் கேட்கும். அவன் காதுபட அவனைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

டேரில் வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையிலும் மாலையிலும் உன் அத்தான் எல்டனோடு பால் கறக்கப் போகிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. சாப்பாடுதான் இறங்க மாட்டேன் என்கிறது. "டேய், நம்ம கன்னுக்குட்டிகூட உன்னைவிட நல்லா சாப்பிடுது. அதுக்குப் பக்கத்துல ஒரு தட்டு போட்டு உட்கார வெக்கட்டுமா?" என்று எல்டன் கேலி செய்கிறார். சிரிக்கிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், மாடிக்குப் போய்விடுகிறான். இருபது வயதுப் பிள்ளை பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

காலேஜை ஏன் விட்டான் என்று கேட்டதற்கு, இடம் மாறினால் சரியாகிவிடுவான் என்று மட்டும் சொன்னாய். மான் வேட்டை சீசன் வருகிறதே என்று அவனுடைய துப்பாக்கியையும் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அனுப்பினாய். பன்னிரண்டாவது பிறந்த நாளுக்கு எல்டன் கொடுத்தது. அவருக்கு வாயெல்லாம் பல். நிலவறை இரும்பு அலமாரியில் மற்ற எட்டோடு சேர்த்து வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

உன் அக்கா,
ஆர்டிஸ்

மினியாபோலிஸ்
அக்டோபர் 21, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எப்போதுமே இப்படித்தான், எனக்குத் தும்மல் வந்தாலே டாக்டரைக் கூப்பிடுகிறவள். டேரில் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவன். அவன் அப்பா போனதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான். காலேஜ் பிடிக்கவில்லை, விட்டுவிட்டான். ஊரில் எத்தனை பிள்ளைகள் விடுகிறார்கள்.

உன் கை சாப்பாடும் அத்தானோடு வேலையும் அவனைத் தேற்றிவிடும். அவனை அதிகம் கேள்வி கேட்காதே, முகம் சுருங்கிவிடுவான்.

அத்தான் அலமாரியை எப்போதும் பூட்டித்தானே வைப்பார்? அவனுக்காகச் சொல்லவில்லை. பண்ணைக்கு ஆட்கள் வந்து போகிற இடம், அதனால் கேட்டேன். எனக்கு இங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இரண்டு ஷிப்ட். நவம்பர் கடைசியில் நன்றித் திருநாளுக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புடன் தங்கை,
மர்லிஸ்

பி.கு.: அது சாவிப் பூட்டா, நம்பர் பூட்டா?

நோர்டால்
நவம்பர் 4, 1991

மர்லிஸ்,

ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு தடவை பூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

போன வாரம் டேரில் தன் கிட்டாரைப் பக்கத்துப் பண்ணைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான். "வாசிக்க மாட்டியாப்பா?" என்று கேட்டேன். "இனிமே எனக்கு வேணாம் பெரியம்மா" என்றான். அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று புதுப் பாதிரியார் சாப்பிட வந்திருந்தார். உன் அத்தான் வழக்கம்போலக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற அந்த மான் தலையைக் காட்டிக் கதையை ஆரம்பித்தார். பதினொரு கிளைக் கொம்பு, முழங்கால் பனி, ஒரே தோட்டா. நமக்கெல்லாம் மனப்பாடமான கதை. "அது எந்த வருஷம்னா..." என்று இழுத்தார். டேரில் தலையை நிமிர்த்தாமலே, "நவம்பர் இருபத்திமூணு, எழுபத்திநாலு" என்றான். பாதிரியார் சிரித்தார், எல்டனும் சிரித்தார். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அலமாரியின் எண் அதுதான் மர்லிஸ். பதினொன்று, இருபத்திமூன்று, எழுபத்திநான்கு; மாதம், தேதி, வருஷம். பூட்டை வாங்கிய நாளிலிருந்து அதுதான். மான் தலைக்குக் கீழே பித்தளைத் தகட்டில் வேறு பொறித்து வைத்திருக்கிறார் இந்த மனுஷன். நாங்கள் பூட்டிவிட்டு, எண்ணைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறோம்.

தொழுவத்தில் வைத்து அவரிடம் சொன்னேன். எண்ணை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உங்கள் சிநேகிதர் ரோலண்ட் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள் என்று.

"சீசனுக்கு மூணு வாரம் இருக்கு. இப்பப் போய் துப்பாக்கியெல்லாம் வண்டியில ஏத்துனா ஊர்ல என்ன கேப்பாங்க?" என்றார்.

"கேட்டா கேட்டுட்டுப் போறாங்க."

"அவன் துப்பாக்கியை அவன்கிட்டேயே ஒளிச்சு வெக்கணுமா? அந்தப் பையன் மனசு என்ன பாடுபடும்? சும்மா எதையாவது நினைச்சுப் பயந்து சாகாத ஆர்டிஸ்."

என் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது, அவரிடம் காட்ட? ஒரு கிட்டார். அவன் நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனால், அவன் மேலே வந்ததும் நான் இறங்கிப் போய் எண்ணிப் பார்க்கிறேன். நேற்று மட்டும் நான்கு முறை. ஒன்பது இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.

மழுப்பாமல் எழுது. அவன் உன் வீட்டில் என்ன செய்தான்?

ஆர்டிஸ்

மினியாபோலிஸ்
நவம்பர் 8, 1991

அக்கா,

நான்கு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிடக் கூப்பிட கராஜுக்குப் போனேன். டேரில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. முகம் அழுது வீங்கியிருந்தது. "தொடைச்சுட்டு இருக்கேம்மா" என்றான். துடைக்கிற எண்ணெயும் இல்லை, துணியும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. தெரிந்தும், "சாப்பாடு ஆறுது, வா" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து வந்து சாப்பிட்டான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. ஷிப்ட் முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பதில் வரும்வரை கால் நகராது. டாக்டரிடம் கூட்டிப்போனால் அவனுக்கு நானே பைத்தியம் என்று பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். வாயைத் திறந்து சொன்னால் அது நடந்துவிடும் என்றும் பயந்தேன். அத்தானிடம் இரும்பு அலமாரி இருக்கிறது, என்னிடம் இல்லை. அதனால்தான் அவனையும் துப்பாக்கியையும் சேர்த்து உன்னிடம் அனுப்பினேன்.

என்னைத் திட்டு. ஆனால் அவனை அனுப்பிவிடாதே.

மர்லிஸ்

நோர்டால்
நவம்பர் 13, 1991

மர்லிஸ்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு எல்டனிடம் நீட்டினேன். தபால் பெட்டி பக்கத்திலேயே, பனியில் நின்று படித்தார். நான் டேரிலைத் தீவனக் கடைக்குக் கூட்டிப்போனேன், அந்த நேரத்தில் ஒன்பதையும் தோட்டாக்களையும் வண்டியில் ஏற்றி ரோலண்ட் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ரோலண்ட் காரணம் கேட்டாராம். "என் வீட்ல ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்றாராம். எல்டன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிது.

வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பால் அறைக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறது?" என்றேன். தோட்டத்தில் வளை தோண்டுகிற பிராணிகளை விரட்ட வைத்திருக்கிற பழைய சின்னத் துப்பாக்கி. மண்வெட்டி, துடைப்பத்தோடு சேர்ந்து நிற்கும், தோட்டா ஜன்னல் விளிம்பில் காப்பி டப்பாவில் இருக்கும். அதை நாங்கள் துப்பாக்கி என்று நினைத்ததே கிடையாது. நான் பைத்தியக்காரி மாதிரி ஒன்பது ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், உன் பிள்ளை தினமும் இரண்டு வேளை அதன் பக்கத்தில் நின்று பால் கறந்தான். எல்டன் ஓடினார். அது அங்கேயே இருந்தது. அதையும் காப்பி டப்பாவையும் அப்போதே ரோலண்ட் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

நேற்று அவனிடம் நேராகவே கேட்டேன். "சாகணும்னு தோணுதாப்பா?" "அதெல்லாம் இல்ல பெரியம்மா" என்றான். நான் நம்பவில்லை. வரும் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் வீட்டில் வைக்கப் பயந்ததை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாய், என்னவென்று சொல்லாமல். அலமாரியை நம்பினாய், அக்காவை நம்பவில்லை. அவனை நான் அனுப்ப மாட்டேன். நீ கிளம்பி வா.

ஆர்டிஸ்

ஆஸ்பத்திரி, நவம்பர் 23, 1991
சனிக்கிழமை

மர்லிஸ்,

பத்து நாளாய் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஃபோன் செய்தால் எடுக்கவும் மாட்டேன் என்கிறாய். இதையாவது படி.

டேரில் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வாரமாய் விழுங்கிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நிலவறைப் படியில் ஏறி வந்து நின்றான்.

"எங்க பெரியம்மா எல்லாம்?" என்றான்.

"நான்தான் எடுத்துடச் சொன்னேன்."

கத்துவான் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் மாவுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே வந்ததிலிருந்து அந்த அலமாரியை இரண்டு தடவை திறந்து மூடியிருக்கிறானாம், ஒன்பதும் இருக்கிறது என்று எண்ணி நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாட்களில். அன்றைக்கு மூன்றாவது தடவை. மூட வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போனானாம். திறந்தால் வெறும் தட்டு. அங்கேயே நின்று அழுதிருக்கிறான், கொஞ்ச நேரத்தில் அந்த வேகம் அடங்கியிருக்கிறது. "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க பெரியம்மா" என்றான். எல்டன் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

இன்று சீசன் முதல் நாள். ஊரில் ஆம்பளை ஒருவரையும் காணோம், எல்லாரும் காட்டில். உன் அத்தான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு கோட்டைக்கூட எடுக்காமல் இங்கே அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. கண்ணை மூடினால் அந்தப் படி தெரிகிறது.

இன்று காலை டேரில் என்னிடம் கேட்டான், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று. தெரியும் என்றேன். "எப்போலேர்ந்து?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. அதை நீதான் வந்து அவனிடம் சொல்ல வேண்டும். அவன் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான்.

உன் அக்கா,
ஆர்டிஸ்