பிக்கப் இல்லாத வண்டி

ஸ்டுட்கார்ட்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ப்ரியாவுக்கு,

நலம். நீயும் நேஹா பாப்பாவும் நலம் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் சண்டை வருகிறது, மெயிலில் எழுதிப் பார்ப்போம் என்றது நீதான். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நாம் சண்டை போடுகிற தெலுங்கில் நம் இருவருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இங்கிலீஷில் அடித்தால் ஆபீஸ் மெயில் மாதிரி இருக்கிறது. ஆகவே ஸ்கூலில் படித்த தமிழ். மார்க் போடாதே.

ஒரு புகார். நேற்று கார் கேமில் கடைசி லேப், நான்தான் முதலில் போய்க்கொண்டிருக்கிறேன். பொசுக்கென்று வெளியே தள்ளிவிட்டது. 'உங்கள் கணக்கு வேறோர் இடத்தில் திறக்கப்பட்டுள்ளது' என்கிறது. வேறோர் இடம் என்றால் ஆர்.எஸ்.புரத்தில் நம் ஹால்தானே? ஒரு கணக்கில் ஒருத்தர்தான் ஓட்ட முடியும். யாரம்மா அந்த இன்னொருத்தர்? அம்மா ரேஸ் பழகுகிறாளா?

பாஸ்போர்ட் விஷயம். உன்னுடையது முடியப் போகிறது. புதுப்பிக்கும்போதே உன் அப்பா பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டுவிடு. இனிஷியலில் எஸ் போய் ஆர் வரட்டும். விசாவுக்கு எல்லாக் காகிதத்திலும் ஒரே பேராக இருந்தால் தொல்லையில்லை. பொங்கலுக்கு நீங்கள் இருவரும் இங்கே இருக்கவேண்டும்.

உன்
ரவி


ஆர்.எஸ்.புரம்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாவா,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதக்கூடாது என்றில்லை. உட்கார்ந்தால் பாப்பா அழுவது போல் இருக்கிறது, போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அத்தம்மா இல்லை, நான்தான். உங்கள் ரேஸ் போனதற்கு மன்னியுங்கள். மதியம் பாப்பா தூங்கும்போது என்னால் தூங்க முடிவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், தெர்மாமீட்டர் வைக்கிறேன், மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். மாடி வீட்டுப் பொற்கொடிதான் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க ப்ரியா, புள்ள நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க அத எழுப்பிப்போட்டுத்தான் உடுவீங்க. கைக்கு ஏதாச்சும் வேல குடுங்க" என்றாள். அவள் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவள், அவள் சொன்னால் கேட்பேன். ஜனவரியில் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்து கை கால் இழுத்தபோது நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவள்தான் பறித்துக்கொண்டு ஓடினாள். உங்களுக்குத் தெரியும்.

கைக்கு வேலை என்று டி.வி.யில் உங்கள் கேம் பெட்டியைப் போட்டேன், சத்தத்தை அடைத்துவிட்டு. உங்கள் கேரேஜில் அத்தனை வண்டிகள். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை வண்டி, நீங்கள் தொட்டதே இல்லை போலிருக்கிறது. அதை எடுத்தேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண். ஐந்நூறு வரை டி கிளாஸ், அதற்கு மேலே சி, பி, ஏ, எல்லாவற்றுக்கும் உச்சியில் எஸ். அந்தந்த கிளாஸ் வண்டிகள் அந்தந்த கிளாஸோடுதான் ஓடும். பார்ட்ஸ் மாட்ட மாட்ட எண் ஏறும். வெள்ளை வண்டி டி. எப்போதும் கடைசியாக வருகிறேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. திருப்பம் வருகிறது, திருப்புகிறேன். அடுத்தது வருகிறது.

பாஸ்போர்ட் பார்க்கிறேன்.

உங்கள்
ப்ரியா


ஸ்டுட்கார்ட்
22 ஆகஸ்ட் 2024

ஏனுங்க அம்மணி!

நீயா! கட்டிய நாளாகக் கூப்பிட்டும் கன்ட்ரோலரைத் தொடாத ப்ரியாவா! ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கூடவே வேலை செய்கிற ஜெர்மன்காரன், உன் மனைவி எந்த கிளாஸ் என்று கேட்டான். டி என்றால் மானம் போகும் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

நீ புரிந்துகொண்டது சரி. ஆனால் டி கிளாஸில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? டர்போ மாட்டு. பெரிய எஞ்சின் இறக்கு. அப்புறம் பார், வண்டி எப்படிப் பிய்த்துக்கொண்டு போகிறதென்று. யோசிக்காதே, கேமில் எனக்கு எவ்வளவோ காசு சேர்ந்து கிடக்கிறது. ஏறி வா, சேர்ந்து ஓட்டலாம்.

இங்கே வீடு பார்த்துவிட்டேன். எதிரில் பார்க். பாப்பாவுக்குப் பிடிக்கும்.

பாஸ்போர்ட்டுக்குத் தேதி வாங்கிவிட்டாயா?

உன்
ரவி


ஆர்.எஸ்.புரம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள பாவா,

வீடு நன்றாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஹீட்டர் பக்கத்திலேயே ஜன்னல். பாப்பா ஏறிவிடுவாள். கம்பி போடலாமா என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்னபடி டர்போ மாட்டினேன். எண் ஐந்நூற்று நாற்பதுக்குப் போய் வண்டி சி கிளாஸில் விழுந்தது. விழுந்தது என்றுதான் எழுத வருகிறது, ஏறியது என்று வரவில்லை. அங்கே எல்லா வண்டியும் இதைவிடப் பெரிது. நேர் ரோட்டில் பாய்ந்தது, முதல் திருப்பத்திலேயே சுற்றிக்கொண்டு வேலியில் போய் மோதியது. பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "இந்த வேகத்துக்கு வால்பாற ரோட்டுல போனா எட்டாவது வளைவுல சாமிகிட்டப் போயிருவீங்க" என்றாள்.

டர்போவைக் கழற்றிவிட்டேன். பிறகு நானாக ஒன்று செய்தேன். எஞ்சினைத் தொடவில்லை. நல்ல டயர் போட்டேன், பிரேக் மாற்றினேன், பின் சீட்டையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்தேன். சரியாக ஐந்நூறில் வந்து நின்றது. இன்னும் டி தான். கிளம்பும்போது கடைசியில்தான் இருப்பேன். ஆனால் மற்றவர்கள் திருப்பத்தில் பிரேக் போடுகிற இடத்தில் நான் போடவேண்டியதில்லை. நேற்று முதலாவதாக வந்தேன். திரையில் பட்டாசு வெடித்தது. பாப்பா அதைப் பார்த்துக் கை தட்டினாள்.

பாவா, ஒன்று கேட்கவேண்டும். கோபமாக இல்லை, எனக்குக் கோபம் வந்தே நாளாகிறது.

பாப்பாவுக்கு வெட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஃப்ரெண்ட் சாய்சரணும் மற்றவர்களும் உங்களை வழியனுப்ப வந்தார்கள். எல்லாரும் கேம் ஆடினீர்கள். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தது. ப்ரியா என்ன செய்தாள் என்று சாய்சரண் கேட்டார். நீங்கள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ப்ரியா டி கிளாஸ் வண்டிடா. அவசரத்துக்குப் பிக்கப்பே கிடையாது. என்ன பார்ட்ஸ் மாட்டினாலும் அவ்வளவுதான்." எல்லாரும் சிரித்தார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். தட்டை வைத்தேன். சட்னி இன்னும் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். நீங்கள் போதும் என்றீர்கள்.

அது நினைவிருக்கிறதா?

ப்ரியா


ஸ்டுட்கார்ட்
16 செப்டம்பர் 2024

ப்ரியா,

சத்தியமாக நினைவில்லை. சொல்லியிருப்பேன். பசங்களோடு இருக்கும்போது வாயில் வருவதுதான், அதை எட்டு மாதம் மனதில் வைத்திருந்தாயா? ஒரு வார்த்தை அன்றைக்கே கேட்டிருக்கலாமே. சாரி. நிஜமாகவே சாரி.

அந்தப் பேச்சை வாபஸ் வாங்க ஒரு வேலை செய்யப் போகிறேன். சனிக்கிழமை முழுக்க அதற்கே போகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கேமைத் திறந்து பார். இப்போது எதுவும் சொல்லமாட்டேன்.

ரவி


ஆர்.எஸ்.புரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள பாவா,

நீங்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை கேமைத் திறக்க முடியவில்லை. அன்று காலையிலிருந்தே பாப்பாவுக்கு உடம்பு சூடு. மருந்து கொடுத்தும் பதினொரு மணிவாக்கில் வெட்டு வந்தது. பொற்கொடி டியூட்டிக்குப் போயிருந்தாள். அத்தம்மா பூஜையறைக்கு ஓடிப்போய் அழ ஆரம்பித்துவிட்டார். நான் பாப்பாவைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அடங்கியதும் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். "ஒண்ணும் ஆவாதுங்க, புடிச்சு உக்காருங்க" என்று அந்த அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தமுறை நான் நின்றுவிடவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். உள்ளே எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருத்தியின் கை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நீங்கள் போன் செய்தபோது அத்தம்மா சொல்லியிருப்பார்.

நேற்றுத்தான் கேமைத் திறந்தேன். அப்பா பீளமேட்டிலிருந்து பாப்பாவைப் பார்க்க வந்திருந்தார், அவளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வண்டியைக் காணோம். அது நின்ற இடத்தில் ஒரு சிவப்பு வண்டி. கிட்டப் போய்ப் பார்த்தால் அதேதான். எண் எண்ணூற்று எழுபது. எஸ் கிளாஸ். பந்தய எஞ்சின், இரட்டை டர்போ, பின்னால் பெரிய இறக்கை. நம்பர் பிளேட்டில் ஆங்கில எழுத்தில் 'ப்ரியா எஸ்'.

உங்களுக்கு அந்த எஸ் என்ன என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு கிளாஸெல்லாம் தெரியாது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பார்த்தார். தன் பேரின், சீனிவாசலுவின் எஸ் என்று நினைத்துவிட்டார். "மாப்பிள்ளை உன் பழைய இனிஷியலையே போட்டிருக்காரே" என்று சிரித்தார். அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் திருத்தவில்லை.

ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். விரலை வைத்ததும் பறக்கிறது. எதுவும் பிடிபடவில்லை. டி கிளாஸ் ரேஸுக்குப் போனால் இந்த வண்டிக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. நான் செய்து வைத்திருந்த செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது.

கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

ப்ரியா


ஸ்டுட்கார்ட்
6 அக்டோபர் 2024

ப்ரியா,

ஐயோ, அது உனக்குப் பரிசாகச் செய்தது! டி கிளாஸ் என்று சொன்ன வாயாலேயே எஸ் கிளாஸ் என்று சொல்லத்தான். கேமில் சேர்த்த காசு முழுக்க அதில்தான் போட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

பரவாயில்லை, திரும்பவும் பழையபடி செய்துவிடலாம். டயர் எது, முன் பிரேக் எத்தனை, எடை எவ்வளவு குறைத்தாய், எல்லாம் எழுதி அனுப்பு. ஒரு மணி நேர வேலை, நான் செய்து தருகிறேன். ஆனால் உண்மையைச் சொல், எஸ் கிளாஸ் கொஞ்சம் பழகினால் உனக்கே பிடிக்கும். முதலில் எல்லாருக்கும் சுற்றத்தான் செய்யும். பழகப் பழகச் சரியாகும். டி-க்குத் திரும்பிப் போவது எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

பாஸ்போர்ட் தேதி இந்த வாரம்தானே? கல்யாண சர்டிஃபிகேட்டை எடுத்துப் போ.

உன்
ரவி

பி.கு. பாப்பாவுக்கு இப்போது பரவாயில்லைதானே?


பீளமேடு
3 நவம்பர் 2024

அன்புள்ள பாவாவுக்கு,

பாப்பாவுக்கு இப்போது பரவாயில்லை. புதிதாக இரண்டு பல். தீபாவளிக்கு வெடிச் சத்தத்துக்குப் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன்.

மேலே ஊர்ப்பேரைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் காரணம் கேட்டார். பாப்பாவை அவரிடம் நீட்டினேன். வாங்கி முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார். பொற்கொடிதான் பைகளைக் கீழே இறக்கினாள். "வாரேனுங்க" என்றேன். "போயிட்டு வாங்க" என்று அவள் சொல்லவில்லை, "ஸ்கூட்டர்ல வந்து வந்து பாக்கறனுங்க" என்றாள்.

பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனேன். கல்யாண சர்டிஃபிகேட் பையில் இருந்தது. கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். "பேருல ஏதாச்சும் மாத்தோணுங்களா?" என்றாள். "இல்லைங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. "அப்பிடியே இருக்கட்டுங்களா?" என்று இன்னொருமுறை கேட்டாள். இருக்கட்டும் என்றேன். புதுசு வந்துவிட்டது. பழைய பேர்தான்.

நீங்கள் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே அப்படித் தோன்றவும் இல்லை. அந்த வண்டியில் நீங்கள் மாட்டிய பார்ட்ஸ் எல்லாமே உசத்தியானவைதான். உங்கள் சனிக்கிழமையைக் கொடுத்தீர்கள். அந்த ஐந்நூறில் நான் எப்படி இருந்தேன் என்று மட்டும் நீங்கள் ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை.

செட்டிங் கேட்டிருந்தீர்கள். எனக்கு நினைவில்லை, எழுதியும் வைக்கவில்லை. கிளம்புகிற அன்று பாப்பா தூங்கும்போது உட்கார்ந்து நீங்கள் மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இறக்கையை முதலில், எஞ்சினைக் கடைசியில். எண் இறங்கிக்கொண்டே வந்தது. டயரும் பிரேக்கும் திரும்பவும் தேடிப் போட்டேன். பழையபடி இல்லை, ஆனால் ஓடுகிறது. டி தான். நிறத்தையும் வெள்ளையாக்கினேன். நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றவில்லை, அது அப்படியே பொருந்துகிறது.

பொங்கலுக்கு வந்தால் பாப்பாவைப் பார்க்க வாருங்கள். அப்பா கதவைத் திறப்பார். நானும் இருப்பேன், காபி போடுவேன். அந்த வீட்டு ஜன்னலுக்குக் கம்பி போடச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேம் பெட்டி ஆர்.எஸ்.புரம் ஹாலிலேயே இருக்கிறது, துண்டு போட்டு மூடியிருக்கிறேன். உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இனி கடைசி லேப்பில் உங்களை யாரும் வெளியே தள்ளமாட்டார்கள்.

இப்படிக்கு,
எஸ். சாய்ப்ரியா