ஷர்வின் சிறையில் பழகியது

டத்தோ கிராமாட், பினாங்கு

அன்புள்ள சுலைஹாவுக்கு, ஸலாம். நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

என் அறைத்தோழன் ஷர்வின் கஞ்சா புகைத்துப் பிடிபட்டு ஆறு மாதம் சிறையில் இருந்தான். "கஞ்சா அடிக்கிறவன் அடுத்து சியாபுக்குப் போவான்லா. உள்ள போனாதான் திருந்துவான்," என்றார் எங்கள் தேநீர்க் கடை முதலாளி. சியாபு என்றால் இங்கே ஐஸ் என்ற கொடிய போதைப்பொருள்.

நேற்று திரும்பி வந்தான். குளியலறையில் அந்த சியாபுத் தூளையே புகைத்துக்கொண்டிருந்தான். "எங்கடா பழகின?" என்றேன்.

"உள்ளதான்ணே," என்று அழுதான்.

முதலாளியிடம் அதைச் சொன்னேன். "பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்று பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

நாளை ஷர்வினை நானே மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறேன். நீ பயப்படாதே. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. பிள்ளையின் குரலைப் பதிந்து அனுப்பு.

கடை திறந்துவிட்டார்கள். முதலாளிக்கு முதல் தேநீர் நான்தான் ஆற்ற வேண்டும்.

இத்ரீஸ்