ஊறவைத்த விதைநெல்

எலினாவுக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னதை மறைத்து, வெறும் வயிற்றுப் புண் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லி நீ அழுதாய். ராஜபாளையத்திலிருந்து தேவதானம் திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "டாக்டரு என்ன சொன்னாருட்டி?"

புற்றுநோய் என்றேன்.

நாற்றுக்கு ஊறவைத்திருந்த விதைநெல்லை அன்று சாயங்காலமே அள்ளி மாட்டுக்கு வைத்துவிட்டார். சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றே வாரத்தில் அடக்கம் செய்தோம்.

பொய் பாவம்தான். அதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. அன்று நான் செய்தது சரிதானா என்பதுதான் தெரியவில்லை.

இப்போது எனக்கும் அதே வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை நீயே போய் ரிப்போர்ட்டை வாங்கி வா. புண் என்று நீ சொன்னால், மறுபடி கேட்க மாட்டேன்.

அம்மா