இந்தக் கரைக்கு ஒரு பேச்சு, அந்தக் கரைக்கு ஒரு பேச்சு

என் ஆசை அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேங்குது. உன்மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன். செத்தவங்க மேல கோபப்படக் கூடாது என்கிறாள் அண்ணி. உயிரோடு இருந்தவரைக்கும் கோபப்பட நீ எங்கே இடம் கொடுத்தாய்?

போன வாரம் என் ரோஜாத் தோட்டத்தில் அளவுக்கல் நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குச் சோறு போடுகிற தோட்டம் அது. தொழிற்பேட்டைக்கு எடுக்கிறார்களாம். அளக்க வந்தவரிடம் சண்டைக்குப் போனேன். உங்க ஊரிலிருந்து ஒரு ஆட்சேபனைகூட வரவில்லையே அம்மா, இப்போது கத்தி என்ன பிரயோஜனம் என்று அவர் பொறுமையாகவே கேட்டார்.

அறிவிப்பு ஒட்டின அன்றே நான் மனு எழுதி வைத்திருந்தேன், அண்ணா. நீ வந்தாய். களியும் கீரையும் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு, "எம்.எல்.ஏ. தங்கச்சியே மனு போட்டா ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்? உன் நிலத்துல ஒருத்தனும் கால் வைக்க மாட்டான், நானிருக்கேன்" என்றாய். மறுநாள் கோயில் முன்னால் ஊரையே கூட்டி, நம் வீட்டுத் தெலுங்கில் அதையே சொன்னாய். எழுதி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மனுவைக் கிழித்துப் போட்டார்கள். வாத்தியார் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

அந்த வாத்தியார் என்கிற பெயர்தானே உன் முதலீடு! தமிழ் வீட்டுப் பிள்ளை, தெலுங்கு வீட்டுப் பிள்ளை, கன்னட வீட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே வகுப்பில். ஒரு கணக்கை மூன்று பாஷையிலும் சொல்லுவாய், கடைசிப் பிள்ளைக்குப் புரிகிறவரைக்கும். அதைப் பார்த்துத்தான் ஒன்றியத் தலைவராக்கினார்கள், அப்புறம் சட்டசபைக்கே அனுப்பினார்கள். ஓசூர் பூ மார்க்கெட்டில் நான் அடித்த பெருமைக்கு அளவே கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவார் எங்கள் அண்ணன் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். அந்தந்த ஊருக்கு என்னென்ன பேசினாய் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

சூளகிரி மண்டபத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர்கள் கூட்டத்துக்கு நாம் போவதில்லை, நம் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. நம் சனங்களின் கேடுகெட்ட வழக்கம் அது. நீ சாகவேண்டியிருந்தது, அதை ஒரு நாளாவது மாற்ற.

காலனியிலிருந்து செல்வி என்கிற பெண் எழுந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவள், நைட் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். அழுதுகொண்டே தமிழில் பேசினாள். "ஊர்க்காரங்க நிலத்துல கம்பெனி வருது, வீட்டுக்கு ஒரு ஆளுக்கு நிரந்தர வேலைன்னு ஐயா சொன்னாரு. நிலம் குடுப்பாங்களான்னு கேட்டோம். பாருங்க, ஒருத்தர்கூட ஆட்சேபனை பண்ணலை, எல்லாரும் மனசார குடுக்கறாங்கன்னாரு."

அண்ணா, எங்களை வாயை மூடச் சொன்னவன் நீ. மூடின வாயைச் சம்மதம் என்று அங்கே போய் விற்றவனும் நீதானா? கூடப்பிறந்தவளின் நிலம் என்றுகூடவா நினைக்கவில்லை? செல்விக்குத் தெலுங்கு தெரியும், எனக்குத் தமிழ் தெரியும், அது உனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசவே மாட்டோம் என்கிற தைரியம்தானே உனக்கு? பாவம், அவளுக்கும் வேலை வரவில்லை. கம்பெனி குடோன் மட்டும்தான் கட்டப்போகிறதாம், நாலு வாட்ச்மேன் போதுமாம்.

இடைத்தேர்தலுக்கு உன் மகனுக்கே சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நேற்று உன் வண்டியிலேயே வந்து இறங்கினான், உன்னைப்போலவே கை கூப்பினான். அத்தை பக்கத்தில் நின்றால் போதும், ஊர் ஓட்டு அத்தனையும் விழுந்துவிடும் என்றான். நிலம்? அதை அவன் பார்த்துக்கொள்வானாம்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் என்னடா சொல்லுவ?" என்று கேட்டேன்.

"அங்க அவங்களுக்குத் தகுந்த மாதிரி பேசிக்கலாம் அத்தை," என்றான் சிரித்தபடி. அவன் குரலில் உன் குரல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

பிரசார வண்டியில் வருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கிளம்பின கையோடு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. டீ கொடுத்தாள், குடித்தேன். ரொம்ப நேரம் பேசினோம்.

உனக்கு இதை மட்டும் வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. உன் மகன் நம் கோயில் முன்னால் மைக்கைப் பிடிக்கும்போது வண்டியில் என் பக்கத்தில் செல்வி நிற்பாள். காலனியில் அவன் மைக்கைப் பிடிக்கும்போது அவள் பக்கத்தில் நான் நிற்பேன். அவன் என்ன பேசுகிறான் என்று பார்த்துவிடுகிறோம்.

இன்னமும் உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிற,
உன் கூடப்பிறந்த தங்கச்சி