சமம்னு சொன்ன கடிகாரம்

பெங்களூரு

ஹில்டா அப்பாவுக்கு,

மாதா கிருபையால இந்த ஹாஸ்டல்ல நல்லா சமைச்சுப் போட்டுட்டு இருக்கேன். உங்க முட்டுவலி எப்படி இருக்கு?

உங்க பேச்சு ஜெயிச்சிட்டு! போன திருவிழா படகுப் போட்டியில ஒவ்வொரு வள்ளமா விட்டு, நம்ம அக்கா மக விஜிலா செஞ்ச போன் ஆப்புல நேரம் பாத்தாங்கல்லா? உங்களுக்கும் ஆன்டனி அண்ணாச்சிக்கும் சமம்னு காட்டிச்சு. சீட்டுக் குலுக்கி அவருக்குக் கோப்பையைக் குடுத்தாங்க. "நான்தான் வேகம்"னு நீங்க சொன்னதுக்கு ஊரே சிரிச்சுது.

நான் விடுவேனா? அவ என்னைப் பாக்க இங்கன வந்தப்போ, "ஏளா, உன் ஆப்புல உள்ள கடிகாரத்தையே சோதிச்சுப் பாரு"ன்னு நச்சரிச்சேன். அவ அந்த ஆப்பை, கடிகாரத்துக்கிட்ட நேரம் என்னன்னு நிறுத்தாம கேக்க வச்சா. முழுசா ஒரு செகண்டு போனாத்தான் நம்பர் மாறுது!

"சித்தி, சித்தப்பா அரை செகண்டு முந்தியிருந்தாலும் இதுக்குத் தெரியாது"ன்னு தலையில கைய வச்சிட்டா.

உடனே அதைச் சரி பண்ணிட்டா, இப்போ மில்லிசெகண்டு வரைக்கும் பிரிச்சுச் சொல்லுது. நான் சிலுவை போட்டுட்டுத்தான் பட்டனை அமுக்கிப் பாத்தேன். கமிட்டித் தலைவர்கிட்ட அவளே பேசிட்டா. வரப்போற திருவிழாவுல உங்க ரெண்டு பேருக்கும் மறுபடி போட்டி!

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்க, இங்கன கடல் வாசமே இல்ல. குக்கர் கூப்பிடுது. போட்டி அன்னைக்கு ஹில்டாவைக் கரையில போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்க. நான் இங்கன இருந்து கத்துறது உங்களுக்குக் கேக்கணும்.

உங்க லூர்தம்மாள்