மூன்றாவது கட்டை

நோன்பு 25, செவ்வாய்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று. வாய்க்குள் மணல். அஸர் தொழுகைக்குப் பிறகு வழமை போல இரண்டு பேர் என்னைத் தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். மகள் ஆசியாவிடம் பெருநாள் சட்டை தைக்க ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். ஆண்பிள்ளை நடுவீட்டில் கிடந்தால் அவர்கள் எப்படி வருவது? மருமகன் இபுறாகீம் துணி எடுக்க ரயிலில் கொழும்புக்குப் போயிருக்கிறார். கார் கொட்டிலில் சும்மா. அதற்குள் நான்.

நெல் மூட்டை மேலிருந்து விழுந்து முறிந்த கால். வைத்தியர் பலகை வைத்துக் கட்டியிருக்கிறார், மடக்க ஏலாது. முன் இருக்கையில் இடக் கதவில் முதுகு, ஸ்டியரிங் பக்கம் கால். ஆள் வந்து தூக்கும்வரை இறங்க வழியில்லை. மூத்திரத்தையும் அடக்க வேண்டியதுதான்.

குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து இந்த அறுபத்தெட்டு வயதில்தான். கால் முறிந்து கிடந்தபோது ஆசியா சொல்லித் தந்தாள். செவ்வாய் என்பதை இன்று யாரையும் கேட்காமல் எழுதினேன். திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நல்ல வடிவு.

நோன்பு 26, புதன்.

கார் ரேடியோவைப் பற்றி.

இடக் குமிழ்: திருகினால் டக். சூடேறும்வரை ஒரு சத்தமும் இல்லை. நான் பொறுக்காமல் இன்னும் திருகுவேன். பிறகு அலறும். ஒரு பெண் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாளாம். ஆசியா வந்து ஏசினாள்.

அதன் பின்னால் மெல்லிய வளையம்: குரல் தடிக்கும், மெலியும். குமிழைத் தொட்டால் வளையமும் சேர்ந்து சுற்றும். இதை இப்படி வைத்தவனுக்கு விரல் எத்தனையோ.

வலக் குமிழ்: சிவப்பு ஊசி ஓடும். மயிரிழை தப்பினால் இரைச்சல்.

கீழே ஐந்து கட்டை, ஹார்மோனியத்தில் இருப்பது போல. மூன்றாவதை அமுக்கினால் ஊசி தானாக ஓடிக் கொழும்பில் நிற்கும். அல்லாஹ்வின் கிருபை.

கட்டைகளில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. எழுதப் படித்தும் இங்கே குருடன்.

பெட்டரி இறங்கும், செய்திக்கு மட்டும் போடுங்கள் என்று மருமகன் சொல்லிப் போனார். சாவி அவரிடம். ரேடியோவுக்கும் ஹோர்னுக்கும் சாவி வேண்டாம்.

நோன்பு 27, வியாழன்.

காற்று குறைவு. வலக் குமிழைச் சும்மா திருகினேன். கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் நாதஸ்வரம். நோன்பு நேரம், ஆகையால் மெதுவாக வைத்துக் கேட்டேன்.

கேட்டுக்கொண்டே ஒரு வேலை. தாள் வெட்டிக் ‘கொழும்பு’ என்று எழுதி, கஞ்சிப் பசையால் மூன்றாவது கட்டையில் ஒட்டினேன். ஒட்டும்போது கட்டை வெளியே வந்துவிட்டது. பயந்து போனேன். நல்ல வேளை, தள்ளியதும் உள்ளே போய்விட்டது. காரில் முதல் தமிழ் எழுத்து என்னுடையது.

பிறகு ரேடியோவை நிறுத்தினேன். பெட்டரி.

நோன்பு 28, வெள்ளி.

ஜும்ஆவுக்குப் போக முடியவில்லை. தொழுகை முடிந்து, பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் வந்தார். கடைத்தெரு ரேடியோ பழுதாம். நாளை பிறை பார்க்கும் நாள். தந்தி வரும்வரை காத்திருந்தால் விடிந்துவிடும். ஆகவே கொழும்புச் செய்தியை நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

"மத்த வேலைக்குத்தான் ஏலாது. இதுக்காவது ஏலுமா, காக்கா?"

வயதில் மூத்தவன் என்று அவருக்கு நான் காக்கா. ஓம் என்றேன். கட்டையில் ஒட்டிய தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துத் தலையாட்டினார். ரேடியோவை இன்று தொடவே இல்லை. இரவு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில்.

நோன்பு 30, ஞாயிறு.

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மேற்கே வயல் பக்கம் முழுக்கப் புழுதி. ஊரில் ஒருவர் கண்ணுக்கும் பிறை தெரியவில்லை. காருக்குள்ளேயே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தேன். மஃரிப் தொழுகை முடிந்ததும் கொட்டிலைச் சுற்றி ஆட்கள். ஜன்னலில் மரைக்கார். இடக் குமிழைத் திருகினேன். சூடேறியது. மூன்றாவது கட்டையை அமுக்கினேன். தெளிவான தமிழ். பிறை தென்பட்டதாம், நாளை பெருநாளாம்.

மரைக்கார், பாங்கு சொல்லும் மோதினாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு விரைந்தார். கூட்டம் பின்னால் ஓடியது. உள்ளே பெண்கள் மா இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குரல் நிற்கவில்லை. சென்னையில் பருத்தி விலை. மதுரையில் மழை. தாளைப் பார்த்தேன். தாளில் கொழும்பு. பேசுகிறவன் அக்கரைக்காரன். அவர்கள் கண்ட பிறைக்கு நாம் பெருநாள் எடுப்பதில்லை. பள்ளியில் பெருநாள் நகரா முரசை அடித்துவிட்டால் ஊர் முழுக்க நோன்பை விட்டுவிடும். கடமையான ஒரு பர்ளு நோன்பு, இத்தனை பேருடையது, என் கழுத்தில்.

கூப்பிட்டேன். உரல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கதவைத் திறந்தாலும் முதுகு மண்ணில் விழும், கால் மேலே நிற்கும். கை ஸ்டியரிங்குக்கு எட்டாது. நல்ல காலின் குதிகால் எட்டியது. அதை ஹோர்னில் வைத்து அமுக்கினேன். எடுக்கவே இல்லை.

முதலில் ஆசியா. பிறகு பெண்கள். பிறகு தெருவெல்லாம். கடைசியில் மரைக்கார்.

"என்ன காக்கா, கால்தான் முறிஞ்ச எண்டு பாத்தா, புத்தியுமா?"

"இது நம்மட ரேடியோ இல்ல மரைக்கார். அக்கரை ரேடியோ. நகராவ அடிக்க விடாதங்க."

அந்த மனிதன் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை நேற்றுத்தான் கண்டேன். நகரா அடிக்கவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்கினார். வலக் குமிழைத் திருகிக் கொழும்பைத் தேடினேன். ஊசி வெளிச்சம் மங்கியது. குரல் காதோரத்து நுளம்பின் ரீங்காரம் போல மெலிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஹோர்ன் பெட்டரியைக் குடித்துவிட்டது.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மரைக்கார் தொப்பியைச் சரி செய்தார்.

"பிறை தெரியாட்டி முப்பது நோன்ப நிறைவாக்கு எண்டுதான் சொல்லியிருக்கு. மார்க்கம் லேசு காக்கா. உங்கட ரேடியோதான் கஷ்டம்."

இன்று ஊரே நோன்பு. மா இடித்த பெண்களுக்குக் கோபம். காருக்குள் இருக்கிற கிழவன் பெருநாளைத் தின்றுவிட்டான் என்று வேலிக்கு அப்பால் ஒருத்தி. கேட்டுக்கொண்டு அதே காருக்குள் அதே இருக்கையில் நான். கோபம் பெரிதில்லை. கொழும்பில் இன்று பெருநாள் என்றால்? பெருநாளில் நோன்பு ஹராம். அதுவும் என் கழுத்தில். எழுந்து போய் யாரிடமாவது கேட்கவும் கால் இல்லை. எந்த பஸ் இரைந்தாலும் காது அங்கே.

அஸருக்குப் பிறகு மருமகன் துணி மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஸலாம் சொல்லுமுன் கேட்டேன். நேற்று அங்கேயும் பிறை இல்லையாம். ரயிலில் எல்லாரும் நோன்பாம். அல்ஹம்துலில்லாஹ். மூன்று தரம் எழுதலாம், கை வலிக்கிறது.

தாளைக் கண்டார். ஒட்டும்போது கட்டை வெளியே வந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். சிரித்துவிட்டார்.

"இழுத்துத் தள்ளினா, அந்த நேரம் ஊசி எங்க நிக்கிதோ அதத்தான் பிறகு புடிக்கும் மாமா."

நாதஸ்வரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெருநாள், திங்கள்.

காற்று இல்லை. புதுச் சாரம். என்னைக் காரில் பள்ளிக்குக் கொண்டு போக மருமகனுக்கு ஆசை. எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி போட்டுச் சுற்றினார், வியர்த்தது, கார் அசையவில்லை. நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொல்லித் தெருவில் போன கூட்டம் நின்றது. மரைக்கார் எட்டிப் பார்த்தார். பின்னால் போய்க் காரில் கை வைத்தார். பிறகு எல்லாரும். மருமகன் ஜன்னலுக்குள் கைவிட்டு ஸ்டியரிங் பிடித்தார். தக்பீர் சொல்லிக்கொண்டே தள்ளினார்கள்.

பள்ளி வாசலில் ஒரு தகராறு. காரின் மூக்கை மேற்கே வைத்தார்கள். காலை நீட்டிக்கொண்டு நான் பார்ப்பதோ வலக் கதவை. தொழ வேண்டிய திசை, கிப்லா, என் இடத் தோளில் இடித்தது.

"மனிசன்ட மூஞ்சிதான் கிப்லாவுக்கு வரணும், காருடது இல்ல" என்றார் மோதினார். மறுபடி இழுத்து, தள்ளி, வலக் கதவு மேற்கே வரும்படி குறுக்கே நிறுத்தினார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் தொழுகை வரிசைகள், ஸபுகள், வெள்ளை வெள்ளையாக.

இடக்கைப் பக்கம் குமிழ் இரண்டும் கட்டை ஐந்தும். இமாம் தொழுகை தொடங்கத் தக்பீர் சொன்னார். குமிழ்ப் பக்கம் கிடந்த இடக்கையை எடுத்து, அதன் மேல் வலக்கையை வைத்துக் கட்டினேன்.