வலது பக்கம் ஏரி

2024 ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து வஞ்சிரம் குழம்பு வைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த இவர் கேஸ் சிலிண்டரில் முழங்காலை இடித்துக்கொண்டார். "யாரு இத்த இங்க வச்சது?" என்று கத்தல். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கம்பெனி பஸ் ஓட்டியவர். ஏப்ரலில் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், மருந்து இல்லை, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நேரே இருப்பது தெரிகிறது. காலடியில் கிடப்பது தெரிவதில்லை.

ஊரப்பாக்கத்தில் எல்லாரும் 'டிரைவரண்ணா' என்று கூப்பிடுவார்கள். அங்கே இருக்க மாட்டேன் என்றார். அதனால்தான் செங்கல்பட்டில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்ததும் பெரிய நத்தத்துக்கு வந்தோம். வந்ததிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் குச்சி பீரோ மேலே கிடக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

ஏரியைப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் சண்டை. ஆட்டோ உரசுகிற மாதிரி வந்தது, கையைப் பிடித்தேன். "நான் இன்னா கொழந்தையா?" என்று உதறினார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏரி பார்க்காமலே வீடு.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அவராகவே செருப்பை மாட்டினார்! நம்பவே முடியவில்லை.

"புது ரூட்டு குடுத்தா மொத நாள் இன்னா பண்ணுவோம் தெரியுமா? பழைய டிரைவர் பக்கத்துல உக்காந்து பாத்துகினே போவோம். அந்த மாதிரி போலாம். நீ கையப் புடிக்காத. வாயால சொல்லு."

"இன்னா சொல்லணும்?"

"கண்டக்டர் இன்னா சொல்வான்?"

அவ்வளவுதான். நடுத்தெருவில் நான் "ஹோல்டான்... ரைட், போலாம் ரைட்" என்று சொல்லிக்கொண்டு போகிறேன். பள்ளம் வந்தால் ஹோல்டான். ஒரு பெரியம்மா சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மாவு மில் சத்தம் வந்தால் இடது. பரோட்டாக் கடை தாண்டினால் ரோடு. ஈரக்காற்று முகத்தில் அடித்தால் வலது பக்கம் ஏரி. இப்படி மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்கிறார். கொளவாய் ஏரிக் கரையில் வெகுநேரம் நின்றோம். நடுத்தண்ணீர் பளபளப்பது தெரிகிறதாம், இரண்டு கரையும் தெரியவில்லையாம்.

"பிரிசி, கரையே இல்லாத ஏரி இது. கடல் மாதிரி கீது" என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோட்டையைத் தேடிப் போனோம். கோட்டை என்றால் படத்தில் வருகிற மாதிரி நினைத்திருந்தேன்! ஆபீஸ் கட்டிடங்கள், நடுவே ரயில் பாதை, அங்கங்கே பழைய சுவர். ஒரு பக்கத்துக்கு ஏரியையே காவலாக வைத்துக் கட்டினார்களாம். செங்கழுநீர்ப் பூ மண்டிக் கிடந்ததால் செங்கழுநீர்ப்பட்டு, அதுதான் செங்கல்பட்டு ஆனதாம். இதெல்லாம் இவர் போனில் கேட்டு வைத்திருக்கிறார்! சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். "எத்தினி பேரு வந்து இடிச்சாங்களோ, இன்னும் நிக்குது பாரு."

திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் பூ விற்கிற பரிமளா — வாராவாரம் அவளிடம்தான் வாங்குகிறேன் — பட்டென்று கேட்டாள்: "இன்னாண்ணா, கண்ணு தெரியாதா?"

எனக்கு உயிரே போய்விட்டது. இதுவரை யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

"பாதி தெரியும்மா" என்றார்.

"எந்தப் பாதி?"

"நடுப்பாதி."

அவள் எழுந்து அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "அப்ப இங்க நின்னா தெரியுமா?" இவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நான் டியூட்டியில் இருக்கும்போது தனியாகக் கிளம்பியிருக்கிறார். குச்சி எடுக்கவில்லை. கேபிளுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து புருவத்துக்கு மேலே கிழிசல். யாரோ ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நான்தான் காயத்தைத் துடைத்தேன். கட்டுத்துணி எங்கே இருக்கிறது என்றே மறந்துபோய்விட்டது. எனக்கு! தினமும் ரத்தம் பார்க்கிறவளுக்கு.

செப்டம்பர் 1, ஞாயிறு

என் அண்ணன் ஏசுபாதம் ஊரப்பாக்கத்திலிருந்து பார்க்க வந்தார். இவர் தூங்கிய பிறகு சமையலறைக்கு வந்து, "நீ வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிக்கினு போ. ரயில் பாதை வேற கீது. ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்ணுவே?" என்றார்.

ரயில் பாதை. அதை நான் நினைக்காமல் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பூட்டிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து திறந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. காலில் செருப்பு. எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாரோ.

"கதவு ஜாம் ஆயிடிச்சா பிரிசி?"

ஆமான்னுட்டேன். ஆமா, ஜாமுன்னுட்டேன். அந்த மனுசன் 'சரி'ன்னு செருப்ப கழட்டுறாரு. கத்தியிருந்தா பரவால்ல. திட்டியிருந்தாகூட பரவால்ல. இன்னா பொம்பள நான்? யாருக்காவ பூட்டினேன் — அவருக்கா? எம் பயத்துக்கா?

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் காபி கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "கதவு ஜாம் ஆவல. நான்தான் பூட்டினேன்."

"தெரியும். பூட்டுற சத்தம் கேட்டுச்சி. காது நல்லாத்தான கீது?"

அழுதேன். அவரும் கொஞ்சம் அழுதார் என்று நினைக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "நீ பயப்படுறது தப்பில்ல. நானும் பயந்துகினுதான் கீறேன். குழியில கெடந்தப்ப, எவனும் பாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன், வலிய நெனக்கல. அதான் தப்பு. அந்தக் குச்சிய எறக்கு" என்றார்.

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். ஒட்டடை படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். பூட்டையும் இரண்டு சாவிகளையும் அவர் கையிலேயே வைத்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

குச்சி பிடிக்கச் சொல்லித்தர கண் ஆஸ்பத்திரியில் வகுப்பு இருக்கிறது. இதற்கு முன் போக மறுத்தவர், இப்போது போய் வருகிறார். வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் 'டக் டக்' என்று ஒரே சத்தம். தலைவலி. தைலத்தைத் தடவிக்கொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாவு மில் வரை அவர் தனியாக. நான் பின்னாலேயே போய்த் தெருக்கோடியில் ஒளிந்து நின்று பார்த்தேன். திரும்பி வந்து, "உன் கொலுசு சத்தம் பரோட்டாக் கடை வரைக்கும் கேக்குது. வூட்டுக்குப் போ" என்கிறார்!

நவம்பர் 12, செவ்வாய்

செக்கப். இன்னும் சுருங்கியிருக்கிறது. டாக்டர் சொன்னபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேன், இவர் டாக்டர் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது, "உன்னப் பாக்கணும்னா இப்ப நெத்தி தனியா, தாடை தனியா பாக்கணும். பரவால்ல, ரெண்டும் நல்லாத்தான் கீது" என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மாமல்லபுரத்தில் நாத்தனார் ஜெசிந்தா வீட்டுக்குப் போனோம். அக்கா குச்சியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தவர்தான், ஊட்டிவிடாத குறை. செருப்பைக் கூட எடுத்து மாட்டிவிட்டார். இங்கேயே தங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே கெஞ்சல். அக்கா மேல் கோபம் வரவில்லை. தம்பியை அவருக்கு வேறெப்படிப் பார்க்கத் தெரியும்?

கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். மணலில் குச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இவருக்கு எரிச்சல். "கெளம்பலாம் பிரிசி. நம்ம ஊருக்குப் போலாம்" என்றார்.

நம்ம ஊரு. செங்கல்பட்டை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 15, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஏரி தளும்புவதாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் டியூட்டி அலுப்பு, இடுப்பு வலி, எழுந்திருக்க முடியவில்லை. இவர் மட்டும் போய்ப் பார்த்து வருவதாகக் கிளம்பினார். நல்ல சேறு இருக்கும், பார்த்துப் போங்க என்று சொல்ல வாயெடுத்தேன். கறிவேப்பிலை வாங்கி வாங்க என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு. தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம், வாத்துக் கத்தல், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், பரிமளா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் — எல்லாம் சொல்கிறார். அடுப்பில் எண்ணெய் காய்கிறது.

"கறிவேப்பிலை எங்க?"

"அட, மறந்தே பூட்டேன்."

"ஊர்க்கதை மட்டும் மறக்காது! ஒரு வேலை சொன்னா உருப்படியாச் செய்யறீங்களா? போங்க, போய் வாங்கிகினு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன்.